ஒரு கணினியிற் பல பதிப்புகள்: பைதன் மொழியை முன்வைத்து ஒரு விளக்கம்

பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் ஏட்டுப் பிரதிகளிடையே கண்ட பாடபேதங்களை அடிக்குறிப்பிலிட்டுப் பேணினர். கணினி மொழிகளிலும் இதையொத்த பிரச்சினை உண்டு. ஆயின் கணினி அடிக்குறிப்பு அறியாதது. நிரலொன்றை இயக்குகையில் ஒரு பதிப்பின் இலக்கணத்தையே அது ஏற்கும்.

பைதன் மொழியின் மூன்றாம் பதிப்பு 2008 டிசெம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பினின்று வளர்ந்ததாயினும் அது அதனோடு முற்றிலும் இசைந்ததன்று. முன்னையதில் ஐந்தை இரண்டால் வகுத்தால் விடை 2, பின்னையதில் 2.5. தமிழர்க்கு இதனினும் முக்கியமானது எழுத்துப் பற்றிய வேறுபாடு. இரண்டாம் பதிப்பின் இயல்பான சரம் பைற்றுகளின் தொடரேயாகும். யூ.ரி.எப்-8 முறையில் எழுதப்பட்ட ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தை வினவினால் அது 15 என்னும். மூன்றாம் பதிப்பு யுனிகோட் குறிகளை எண்ணி 5 என்னும். (நாம் மூன்றெழுத்தென்று அறிந்த சொல்லை அதுவும் மூன்றெனக் கொள்வதில்லை, அதற்கு ‘ஓப்பன்-தமிழ்’ போன்ற நிரலகங்கள் வேண்டியுள்ளன.) மாறிகளுக்குத் தமிழிற் பெயரிட இடமளித்ததும் மூன்றாம் பதிப்பே.

இரண்டாம் பதிப்பின் பராமரிப்பை 2015இல் நிறுத்துவதாக முதலிற் கூறப்பட்டது. பின்னர் அவ்வெல்லை 2020க்குத் தள்ளப்பட்டது. மாற்றத்துக்கு வேண்டிய உழைப்பை யார் நல்குவது என்பதே இங்குள்ள வினா. பெருநிறுவனங்கள் கூலி கொடுத்து அவ்வுழைப்பைப் பெறவல்லன. ஓய்வு நேரத்திற் கூலியின்றிச் சிறுமொழிகளுக்கு நிரல் எழுதுவோர்க்கு அவ்வசதி இல்லை. கிண்ணியா, குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை முடியுமுன் மிதவைப் படகை நம்பியிருந்தோரிற் பாடசாலைச் சிறார் உட்படப் பலர் 2021 நவம்பர் 23ஆந் திகதி விபத்தில் மாண்டனர். நிரற்பிழையை உயிரிழப்போடு ஒப்பிட நாம் எண்ணவில்லை. ஆயினும் இடைக்காலத்தின் சுமை மாற்றுவழியற்றோர் மீதே விழுகின்றது என்பதை அவ்வூரை நினைவிலிருத்தியே எழுதுகின்றோம்.

பதிப்புகளை உடன்வைத்திருக்கும் முறை எளியது. ‘பைதன்’ எனக் கட்டளையிட்டதும் கணினி சில கோப்புறைகளை வரிசைப்படி தேடி, அப்பெயருடன் முதலில் எதிர்ப்படுவதை இயக்கும். ‘பைஎன்வி’ என்னும் கருவி அவ்வரிசையின் தலைப்பில் தன் பதிலாள்களை நிறுத்துகின்றது. அவை நாம் பணிசெய்யும் கோப்புறையிற் குறித்துவைத்த பதிப்பெண்ணை வாசித்து, உரிய பதிப்புக்குக் கட்டளையைக் கடத்துகின்றன. ‘வென்வ்’ வேறானது. 2012இல் 3.3ஆம் பதிப்போடு வந்த அது பதிப்புகளை மாற்றுவதன்று. ஒவ்வொரு பணிக்கும் வேண்டிய நிரலகங்களைத் தனித்தனியே வைப்பது. இரண்டையும் மயங்குவோர் பலர்.

பைதன் நம் உயர்தர வகுப்புப் பாடத்திலும் இடம்பெறுகின்றது. பலர் பகிரும் ஆய்வுகூடக் கணினியில் லினக்ஸ் இருப்பின், மாணவர் ‘பைஎன்வி’யைத் தம் கோப்புறையிலேயே நிறுவலாம், நிருவாகியின் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் மூலநிரலை இறக்கித் தொகுப்பதற்கான கருவிகள் முன்னரே இருத்தல் வேண்டும். வேகங்குன்றிய இணைப்பிற் பொறுமையும் வேண்டும். இயங்குதளம் தன் தேவைக்கு வைத்திருக்கும் பைதனை மட்டும் எக்காரணங்கொண்டும் நீக்கலாகாது. பழைய நிரலுக்காக 2.7ஐ வைத்திருப்போர் அதனை இணையத்தோடு தொடர்பற்ற பணிக்கே பயன்படுத்துதல் நன்று. 2020 ஏப்ரலில் வெளியான 2.7.18க்குப் பின் அதன் பாதுகாப்புக் குறைகளை அம்மொழிக் குழுவினர் திருத்துவதில்லை.