பழைய பாரலொறி வாங்குவோர் அறியவேண்டிய பழுதுகளும் திருத்தச் செலவும்

குருகொட ஓயாவின் கரையிலமைந்த ருவான்வெல்லையிலும், அதனைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டப் பகுதிகளிலும் விளையும் மரக்கறியும் நெல்லும் சந்தையை அடைவதற்கு லொறியே துணையாகவுள்ளது. முற்காலத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக எட்டியாந்தோட்டை வரை களனிப் பள்ளத்தாக்குப் புகைவண்டி ஓடியது. அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பாதை 1942 ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், இப்பகுதியின் சுமைகளுக்குத் தெருவையன்றி வேறு வழியில்லாது போயிற்று. புறக்கோட்டையிலிருந்த மெனிங் சந்தையும் பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. விடியுமுன் அங்கு சேரவேண்டிய வெண்டியும் கீரையும் வழியில் நின்றுவிட்டால், அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும்.

ஆதலின் கமக்காரர் பலர் தனித்தோ, சிலர் கூடியோ சொந்தமாக லொறி வாங்க விரும்புகின்றனர். புது லொறி வாங்கும் வசதி எல்லோருக்கும் இல்லை. 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டமையால், இடைக்காலத்தில் பழைய வாகனங்களின் விலையும் ஏறிற்று. 2022 இல் டொலர் ஒன்றின் பெறுமதி ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுள் 350 ரூபாவைக் கடந்தது. உதிரிப்பாகங்கள் பெரும்பாலும் பிறநாட்டிலிருந்து வருவனவாதலின், திருத்தச் செலவும் அதனுடன் உயர்ந்தது. எனவே வாங்கும் விலையை மட்டும் நோக்காது, வாங்கியபின் ஏற்படக்கூடிய செலவையும் முன்னரே கணித்தல் அவசியமாகும்.

1. எஞ்சின்

லொறியைப் பார்க்கச் செல்பவர் எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் செல்லுதல் நன்று. முன்னரே சூடாக்கப்பட்ட எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். எஞ்சினை இயக்கியதும் வெளிவரும் புகையின் நிறத்தைக் கவனிக்க வேண்டும்.

கரும்புகை தொடர்ந்து வருமாயின், டீசல் மிகையாகச் செல்கிறது அல்லது காற்றுப் போதவில்லை. காற்று வடிகட்டி அடைபட்டதாலோ இன்ஜெக்டர் தேய்ந்ததாலோ இது நேரலாம். முன்னையது சிறு செலவு. பின்னையது பெருஞ் செலவு. நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்களோ வால்வுப் பகுதியோ தேய்ந்துள்ளன. வெண்புகை, எஞ்சின் சூடேறியபின்னும் நீங்காதிருப்பின், டீசல் முற்றாக எரியவில்லை அல்லது குளிர்நீர் உள்ளே கசிகிறது.

எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கலாம். அவ்வழியே காற்றும் புகையும் வேகமாகத் தள்ளி வருமாயின், சிலிண்டர்களின் அமுக்கம் கசிகிறது. அத்தகைய எஞ்சினை விரைவில் முற்றாகக் கழற்றித் திருத்த நேரிடும்.

2. குளிர்நீர்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மாத்திரமே ரேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகச் செய்யும். நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, எஞ்சின் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளிறியிருந்தாலோ, நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காஸ்கட் மட்டும் பழுதாயின் செலவு ஓரளவுக்குள் அடங்கும். சிலிண்டர் தலை வெடித்திருப்பின் செலவு பன்மடங்காகும்.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தது போன்ற வெள்ளங்களில் நின்ற வாகனங்களும் பின்னர் விற்பனைக்கு வருதலுண்டு. பின்னச்சு எண்ணெயும் கியர்ப் பெட்டி எண்ணெயும் பால்நிறமாயிருப்பதும், இருக்கைக்கடியிற் சேறு படிந்திருப்பதும் அதற்கு அடையாளங்களாம்.

3. கிளச்சும் கியர்ப் பெட்டியும்

சமதரையில், முன்னால் ஆளில்லாத இடத்தில், கைப்பிரேக்கை இறுக்கி மூன்றாம் கியரிலிட்டு, கிளச்சை மெல்ல விடுக. எஞ்சின் உடனே நின்றுவிடின் கிளச் நன்று. நில்லாது தொடர்ந்து ஓடுமாயின் கிளச் தட்டு வழுக்குகிறது. ஓடும்போது கியர் தானே கழன்று வருதல், மாற்றும்போது அரைக்கும் ஓசை எழுதல் ஆகியன பெட்டியினுள் தேய்மானத்தைக் குறிக்கும். கிளச் தட்டின் விலை பெரிதன்றாயினும், அதனை மாற்றுதற்குக் கியர்ப் பெட்டியை இறக்கவேண்டியிருத்தலால் கூலி மிகும்.

4. பிரேக்

மற்றைய பழுதுகள் பணத்தை இழக்கச் செய்யும். பிரேக்கின் பழுதோ உயிரை இழக்கச் செய்யும். அற்றனிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறி கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை நோக்கி நெடுந்தூரம் இறங்கவேண்டும். அவ்விறக்கத்தில் பிரேக்கை இடையறாது மிதித்தால் டிரம்மும் லைனிங்கும் அளவுகடந்து சூடேறி, பிடிக்கும் வலுவை இழக்கும். ஏறும்போது எக்கியர் தேவைப்படுமோ, இறங்கும்போதும் அக்கியரிலேயே இறங்குதல் பாதுகாப்பான வழக்கமாகும்.

காற்றுப் பிரேக் உள்ள லொறியில், அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அளவிற்கு ஏறியபின், சில்லுகளுக்குக் கட்டை வைத்து, எஞ்சினை நிறுத்தி, பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் அளவுமானி 3 இறாத்தலுக்கு மேல் இறங்குமாயின் எங்கோ கசிவு உண்டு. எண்ணெய்ப் பிரேக்காயின், மிதித்த மிதிபலகை மெல்லத் தாழ்ந்துகொண்டே போதல் கசிவின் அறிகுறி. ஈரமிக்க இப்பகுதியில் காற்றுத் தொட்டிகளில் நீர் விரைவிற் சேரும். அதனை நாடோறும் வடித்துவிடல் வேண்டும். இதற்குச் செலவு எதுவுமில்லை.

5. சசி, வில், டயர்

அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றிய லொறியின் சசியில் வெடிப்பும், ஒட்டுவேலையும், புதுப் பூச்சின்கீழ் மறைந்த துருவும் காணப்படலாம். வில்தகடு உடைந்திருந்தால் மாற்றலாம். சசி வளைந்திருந்தால் அந்த லொறியை விட்டுவிடுதலே நன்று. முன்சில்லை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியுமாயின், கிங்பின் அல்லது சில்லுப் பேரிங் தேய்ந்துள்ளது. டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட காலத்தைக் கூறும்: 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். பூக்கள் ஆழமாயிருப்பினும் பழைமையான டயர் சுமையுடன் வெடிக்கக்கூடும்.

6. செலவைக் கணிக்கும் முறை

திருத்தச் செலவு மூன்று பகுதிகளையுடையது: உதிரிப்பாகத்தின் விலை, கராஜின் கூலி, லொறி ஓடாது நிற்கும் நாட்களின் இழப்பு. பலர் மூன்றாவதை மறந்துவிடுகின்றனர்.

கணக்கின் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். இவை சந்தை விலைகளல்ல. ஒரு லொறியின் விலை 40 இலட்சம் ரூபா. எஞ்சின் திருத்தத்துக்கு 6 இலட்சம் வேண்டும். 25 நாள் கராஜில் நிற்கும். நாளொன்றுக்கு 12,000 ரூபா வருமானம் எனின், இழப்பு 3 இலட்சம். மொத்தம் 49 இலட்சம். மற்றொரு லொறியின் விலை 45 இலட்சம். திருத்தம் 50,000 ரூபா. மொத்தம் 45 இலட்சத்து 50 ஆயிரம். மலிவெனத் தோன்றிய லொறியே மூன்றரை இலட்சம் ரூபா அதிகமாக விழுங்கியது.

எனவே விற்பவருடன் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்து லொறியைப் பரிசோதிப்பித்து, பழுதுகளையும் ஒவ்வொன்றின் செலவையும் எழுத்திற் பெறுதல் வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, ஒரு பகுதியைத் திருத்தத்துக்கென ஒதுக்குதல் அறிவுடைமை.

7. பத்திரங்கள்

பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கமும் சசி இலக்கமும் வாகனத்திலுள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். முழு உரிமையாளர் என நிதிக் கம்பனியொன்று குறிக்கப்பட்டிருப்பின், அக்கடன் தீர்க்கப்பட்டமைக்கான சான்றைப் பெறாது முற்பணம் கொடுத்தலாகாது. வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்றிதழ், காப்புறுதி ஆகியவற்றையும் பார்வையிட்டு, கைமாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் காலந்தாழ்த்தாது பதிவு செய்க.

விதைநெல்லைக் கையிலெடுத்துப் பதர் நீக்கிய பின்னரே கமக்காரர் விதைக்கின்றனர். ஒரு போகத்துக்குரிய விதையில் காட்டும் அக்கவனத்தை, பல போகங்களின் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் லொறியிலும் காட்டுவாராயின், கடனும் விபத்தும் அவர்தம் வீட்டை அணுகாதிருக்கும்.