பறிபோன பாஞ்சோவை மீட்ட மூன்று இளைஞர்கள்

அமெரிக்காவின் கிராமியப் பாட்டில் பாஞ்சோ வாத்தியத்துக்குத் தனி இடம் உண்டு. கஞ்சிரா போல வட்டமான முகம். அதிலிருந்து நீண்ட ஒரு கழுத்து. அதன்மேல் தந்திகள். சுண்டினால் "டிங், டிங்" என்று துள்ளும்.

சினிமாவில் அதை வாசிப்பவர் பெரும்பாலும் வெள்ளைக்காரராகவே இருப்பார். ஆகவே அது வெள்ளையர் வாத்தியம் என்று உலகம் நினைத்துவிட்டது. அமெரிக்காவின் கறுப்பின மக்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

உண்மை அதற்கு நேர்மாறானது.

சுரைக் குடுக்கை

பாஞ்சோவின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக் குடுக்கைக்குத் தோல் போர்த்தி, கழி செருகி, தந்தி கட்டி வாசிப்பார்கள். ஜோலா இன மக்களிடம் "அகொண்டிங்" என்ற அத்தகைய வாத்தியம் இன்றும் இருக்கிறது.

அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் உடைமைகளை இழந்தார்கள். கைவித்தையை இழக்கவில்லை. போய்ச் சேர்ந்த மண்ணிலும் சுரைக்காய் காய்த்தது! குடுக்கையும் தோலும் கிடைத்தன. பாஞ்சோ பிறந்தது.

பிறகு நடந்ததுதான் கொடுமை.

கரி பூசிய முகம்

1840-களில் வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். கறுப்பின மக்களைப் போலப் பேசியும் ஆடியும் கேலி செய்தார்கள். கையில் பாஞ்சோ! கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. ஊர் ஊராக இந்த ஆட்டம் நடந்தது.

தன்னைக் கேலி செய்யப் பயன்பட்ட வாத்தியத்தை யார் ஆசையோடு தொடுவார்கள்?

1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் இன்னொரு கோடு கிழித்தன. கறுப்பின மக்களுக்கு விற்க ஒரு வரிசை. அதில் "புளூஸ்" என்ற உருக்கமான பாட்டுகள். வெள்ளையருக்கு விற்க வேறொரு வரிசை. அதில் பிடிலும் பாஞ்சோவும்.

கிராமங்களில் இரு இனத்தாரும் ஒரே மெட்டுகளை வாசித்து வந்தார்கள். கம்பெனிகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கறுப்பினப் பிடில்காரர்கள் பலர் இசைத்தட்டில் ஏறவே இல்லை. தட்டில் ஏறாத பாட்டு, பாடுகிறவர் உயிரோடு இருக்கும் வரைதானே!

பிடில் தாத்தா

சில குடும்பங்கள் மட்டும் விடவில்லை. வட கரோலினா மாநிலத்தில், மெபேன் என்ற சிற்றூர்ப் பக்கம் வாழ்ந்த தாம்சன் குடும்பம் அவற்றில் ஒன்று. பாட்டனார் அடிமையாகப் பிறந்தவர். அவர் பிடில் வாசித்தார். அவர் மகனும் வாசித்தார். பேரன் ஜோ தாம்சன் 1918-ல் பிறந்தார்.

சோளம் உரிக்கும் நாளில் அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். வேலை முடிந்ததும் சாப்பாடு. சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். ஆட்டத்துக்குப் பிடிலும் பாஞ்சோவும். சிறுவன் ஜோ அதில்தான் வளர்ந்தான்.

காலம் மாறியது. ஆட்டங்கள் நின்றன. ஜோ, மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். 1970-களில் நாட்டுப்புற இசை ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்த பிறகே, வெளியுலகம் அவர் வாசிப்பைக் கேட்டது. அண்ணன் முறையான ஒடெல் பாஞ்சோ வாசிப்பார். இருவரும் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள்.

1994-ல் ஒடெல் கார் மோதி இறந்தார். 2001-ல் ஜோவுக்குப் பக்கவாதம் வந்தது. தேறி எழுந்து, மறுபடி பிடிலை எடுத்தார். அந்த மரபில் மிஞ்சியிருந்தவர்கள் மிகச் சிலரே.

வியாழக்கிழமை

2005 ஏப்ரலில், அதே மாநிலத்தில் பூன் என்ற ஊரில், கறுப்பின மக்களின் பாஞ்சோ இசைக்கென்று ஒரு கூட்டம் நடந்தது. அங்கே மூன்று இளைஞர்கள் சந்தித்தார்கள்.

ஒருவர் ரியானன் கிடன்ஸ் என்ற பெண். சங்கீதக் கல்லூரியில் ஓபரா பாடக் கற்றவர். அடுத்தவர் ஜஸ்டின் ராபின்சன். இருவரும் வட கரோலினாக்காரர்கள். மூன்றாமவர் டாம் பிளெமன்ஸ். தொலைவில் உள்ள அரிசோனாவிலிருந்து வந்தவர்.

அந்த ஆண்டு கோடையிலும் இலையுதிர் காலத்திலும், வியாழக்கிழமை தோறும் மாலையில் மூவரும் ஜோ தாத்தா வீட்டுக்குப் போனார்கள். அவருக்கு அப்போது வயது 86. ஏடு இல்லை, எழுத்து இல்லை. தாத்தா வாசிப்பார். கூடவே வாசிக்க வேண்டும். தவறவிட்டால், மெட்டு மறுபடி சுற்றி வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டும்.

மூவரும் சேர்ந்து குழு அமைத்தார்கள். "கரோலினா சாக்லேட் டிராப்ஸ்" என்று பெயர் வைத்தார்கள். மிட்டாய்க் கடைப் பெயர் போல இருக்கிறதல்லவா? 1930-களில் "டென்னசி சாக்லேட் டிராப்ஸ்" என்று கறுப்பினக் குழு ஒன்று இருந்தது. அதன் நினைவாக வைத்த பெயர் இது.

ஜாடியும் எலும்பும்

இவர்கள் கச்சேரியைக் கேட்பதோடு பார்க்கவும் வேண்டியிருந்தது. பிடில், பாஞ்சோ, கிட்டார் இருந்தன. ஜாடியும் இருந்தது. நம் கடம் போல அதைத் தட்டவில்லை. அதன் வாய்க்கு அருகே உதட்டை வைத்து, "பூம், பூம்" என்று ஊதினார்கள்! எலும்புத் துண்டுகளை விரலிடுக்கில் வைத்துச் சிப்ளாக்கட்டை போலவும் தட்டினார்கள்.

புளூஸ் பாட்டு, கிராமத்து ஆட்ட மெட்டு, பழைய நாட்டுப் பாட்டு எல்லாம் ஒரே கச்சேரியில் வந்தன. கம்பெனிகள் கிழித்த கோடு அங்கே இருக்கவில்லை.

2006-ல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. வெளியிட்டது பெரிய கம்பெனி அல்ல. வறுமையில் வாடும் முதிய கலைஞர்களுக்கு உதவும் "மியூசிக் மேக்கர்" என்ற அறநிறுவனம். தட்டுக்குப் பெயராக வைத்த பாட்டே ஜோ தாத்தாவிடம் கற்றதுதான்.

2010-ல் பெரிய கம்பெனி ஒன்று இவர்களின் "ஜெனுவின் நீக்ரோ ஜிக்" இசைத்தட்டை வெளியிட்டது. 2011-ல் அதற்குக் கிராமி பரிசு கிடைத்தது. தாத்தா அப்போது உயிரோடு இருந்தார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். மறு ஆண்டு பிப்ரவரியில், தம் 93-வது வயதில் அவர் மறைந்தார்.

குழுவும் மெல்லப் பிரிந்தது. ராபின்சன் 2011-ல் விலகினார். பிளெமன்ஸ் 2013-ல் தனி வழி போனார். கிடன்ஸ், அடிமையாக வாழ்ந்த ஓர் அறிஞரின் கதையை "ஓமர்" என்ற ஓபராவாக எழுதினார். மைக்கேல் ஏபல்ஸ் என்பவருடன் சேர்ந்து இசையமைத்தார். 2023-ல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

2025 ஏப்ரலில், வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் பழைய நண்பர்கள் மறுபடி ஒரே மேடையில் கூடினார்கள். அதே மாதம் கிடன்சும் ராபின்சனும் பிடிலும் பாஞ்சோவுமாக வாசித்த புதிய இசைத்தட்டு வெளிவந்தது. தாத்தாவின் மெட்டுகள் அதில் இருக்கின்றன. அறைக்குள் வாசிக்காமல், திறந்த வெளியில் வாசித்துப் பதிந்தார்கள். பதிவு செய்த இடங்களில் ஒன்று தாத்தாவின் வீடு. வாத்தியங்களின் ஊடே பறவைகளும் சில்வண்டுகளும் கத்துவது தட்டில் அப்படியே கேட்கிறது.