ஏறும்போது வியர்வை, இறங்கும்போது நடுக்கம்

பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்குச் சாலை வழியே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மூட்டையுடன் மிதிவண்டியில் ஏறி இறங்குபவருக்கு அது ஒரு முழு நாள் வேலை. காலையில் வெயில், பிற்பகலில் மழை, மாலையில் குளிர் என மூன்றையும் அவர் ஒரே நாளில் சந்திக்க நேரிடலாம். இம்மூன்றில் எது அதிக ஆபத்தானது? வெயில் என்றுதான் பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏற்றம்: எவ்வளவு வியர்வை?

ஓட்டுநர், மிதிவண்டி, மூட்டை மூன்றும் சேர்ந்து 80 கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். ஏற வேண்டிய உயரம் சுமார் 1,400 மீட்டர். நிலையாற்றல் = பொருண்மை × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். அதாவது 80 × 9.8 × 1,400. ஏறக்குறைய 11 லட்சம் ஜூல்.

நம் தசைகள் உணவின் ஆற்றலில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றுகின்றன. மீதி முக்கால் பங்கு, அதாவது 33 லட்சம் ஜூல், வெப்பமாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆக, ஏற்றத்திற்கு மட்டுமே ஏறக்குறைய 1.4 லிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். ஏற்றத்தில் வேகம் குறைவு என்பதால் காற்றும் போதிய அளவு படாது. எனவே இன்னும் அதிகமாகவே வியர்க்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்தச் சொல்வது இதனால்தான்.

மேலே: குளிரும் மழையும்

உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். மேலெழும் காற்று விரிவடைகிறது. அதற்குத் தன் ஆற்றலையே செலவிடுவதால் குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். தாப்பாவில் 32 டிகிரி என்றால், தானா ராத்தாவில் 23 டிகிரி அளவில்தான் இருக்கும்.

காலை வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மலைச்சரிவில் மேலெழுந்து குளிரும்போது, அதிலுள்ள நீராவி மேகமாகிறது. பிற்பகலில் இடியுடன் மழை கொட்டுவது அதனால்தான். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடி என்றால், மின்னல் சுமார் 1 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடி காதில் விழுந்தாலே கட்டடத்திற்குள் செல்ல வேண்டும். மரத்தடி பாதுகாப்பானது அல்ல. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை அங்கேயே இருங்கள்.

இறக்கம்: ஆபத்து இங்கேதான்

மழை விட்டதும் இறக்கம் தொடங்குகிறது. இப்போது கால்களுக்கு வேலையில்லை; தசைகள் வெப்பம் தருவது குறைந்துவிடுகிறது. உடையோ நனைந்திருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீச, ஈரம் விரைவாக ஆவியாகி உடல் வெப்பத்தைப் பறிக்கிறது. ஏறும்போது உயிர் காத்த அதே ஆவியாதல், இறங்கும்போது எதிரியாகிறது. 20 டிகிரியிலும் உடல் நடுங்கும், விரல்கள் மரத்துப்போகும்.

பிரேக்கைப் பிடிக்க வேண்டியவை அந்த விரல்கள்தாம். ஏறும்போது சேமித்த 11 லட்சம் ஜூல் ஆற்றலும் இறங்கும்போது காற்றுத் தடையிலும் பிரேக்கிலும்தான் வெப்பமாகக் கரைய வேண்டும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக் நனைந்திருந்தால், முதல் சில சுற்றுகள் நீரைத் துடைக்கவே சரியாகிவிடும். வண்டி நிற்கத் தாமதமாகும். எனவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஆகவே, நெகிழிப் பையில் சுற்றிய ஓர் உலர்ந்த சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலாடையும் மூட்டையில் இருக்கட்டும். உச்சியிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்; நடுங்கத் தொடங்கிய பிறகு அல்ல. மேலாடை இல்லையென்றால், சைக்கிள் பந்தய வீரர்களின் பழைய உத்தி ஒன்று உண்டு: சட்டைக்குள் மார்பின் மீது நாளிதழை மடித்து வைப்பது. தாள்களுக்கிடையே சிக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. படித்து முடித்த இந்த இதழும் அதற்குப் போதும்.