செருகுநிரல் களஞ்சியம்: நிரல் எல்லோருக்கும், பதிப்பு வெளியிடும் சாவி யாருக்கு?

வலைப்பதிவு மென்பொருள் ஒன்றுக்கான செருகுநிரல்களை ஒரே இடத்தில் திரட்டி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று அறிவித்துத் திறந்துவைக்கும்போது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான் பேசப்படுகின்றன: களஞ்சியத்தில் எத்தனை செருகுநிரல்கள் இருக்கின்றன, அவை எந்த உரிமத்தில் வருகின்றன. இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவ்வகைக் களஞ்சியங்களில் மிகப் பெரியதான வேர்ட்பிரஸின் அனுபவத்தைப் பார்த்தால், அதன் பெரிய நெருக்கடிகள் எண்ணிக்கையாலும் வரவில்லை, உரிமத்தாலும் வரவில்லை. ஒரு செருகுநிரலின் அடுத்த பதிப்பை அதே பெயரில் வெளியிடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அது எப்படிக் கைமாறுகிறது என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே தெளிவான விடை எழுதிவைக்காததால் வந்தன. புதிதாக இப்படியொரு களஞ்சியத்தைத் தொடங்குகிறவர்கள் முதல் நாளிலேயே எழுத வேண்டியது அந்த விடையைத்தான்.

வேர்ட்பிரஸே ஒரு கைவிடப்பட்ட மென்பொருளிலிருந்து பிறந்தது. பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனபோது, அது யாரும் எடுத்துத் திருத்திப் பகிர அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் அதன் நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். 2003 மே மாதம் முதல் பதிப்பு வெளிவந்தது. அப்போது புதிய வசதி வேண்டும் என்றால் மூலக் கோப்புகளையே திறந்து வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. அடுத்த பதிப்பை நிறுவியதும் அந்தத் திருத்தங்கள் எல்லாம் அழிந்துபோகும். 2004 மே மாதம் வந்த 1.2 பதிப்பு இதற்கு முடிவு கட்டியது. மென்பொருள் ஒரு பக்கத்தை உருவாக்கும் வழியில் ஆங்காங்கே கொக்கிகள் வைக்கப்பட்டன. பதிவின் உரை வாசகருக்குப் போகும் முன் ஒரு கொக்கி, மறுமொழி சேமிக்கப்படும் முன் ஒரு கொக்கி என்று இருக்கும். செருகுநிரல் தன் வேலையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டால் போதும். மூல நிரலைத் தொடவே வேண்டாம். மைய மென்பொருளின் உள்ளமைப்பு முழுவதையும் அறியாத ஒருவர்கூட, தனக்குத் தேவையான ஒரு வசதியை ஒரே கோப்பில் எழுதிப் பிறருக்கும் தர முடிந்தது. பல்லாயிரம் செருகுநிரல்கள் பிற்காலத்தில் குவிந்ததற்கு இந்த எளிய ஏற்பாடுதான் காரணம்.

உரிமம் முக்கியமல்ல என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதே 2004 மே மாதம், அன்று பதிவர்களிடையே செல்வாக்குடன் இருந்த மூவபிள் டைப் மென்பொருளின் 3.0 பதிப்பு வந்தது. பென், மீனா டிராட் தம்பதியர் தொடங்கிய சிக்ஸ் அபார்ட் நிறுவனம் அதன் விலையையும் நிபந்தனைகளையும் மாற்றி, இலவசப் பயன்பாட்டை ஓர் எழுத்தாளருக்கும் மூன்று வலைப்பதிவுகளுக்கும் என்று சுருக்கியது. அந்த மென்பொருளுக்கும் தன்னார்வலர்கள் எழுதிய செருகுநிரல்கள் ஏராளமாக இருந்தன. தாங்கள் கட்டிய மேல்மாடிக்கு அடித்தளம் பிறர் கையில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அன்று புரிந்தது. பலர் வேர்ட்பிரஸுக்கு இடம் மாறினார்கள். 2007 டிசம்பரில் மூவபிள் டைப்பும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. அதற்குள் போட்டி ஏறத்தாழ முடிந்திருந்தது. கட்டற்ற உரிமம் இல்லாத களஞ்சியத்தில் தங்கள் உழைப்பைப் போடப் பலர் தயங்குவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் ஜிபிஎல் உரிமம் காப்பது நிரலை மட்டுமே. செருகுநிரலின் பெயரையும், களஞ்சியத்தில் அது இருக்கும் முகவரியையும், அந்த முகவரி வழியாகப் புதிய பதிப்புகள் போய்ச்சேரும் பாதையையும் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. வேர்ட்பிரஸ் தளம் ஒவ்வொன்றும் வழக்கமாக நாளுக்கு இருமுறை மையச் சேவையகத்திடம் புதிய பதிப்பு உண்டா என்று கேட்கிறது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பிலிருந்து செருகுநிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியைத் தளப் பொறுப்பாளர்கள் ஒரே சொடுக்கில் இயக்கலாம். பாதுகாப்புக் குறைகளை விரைவில் அடைக்க இது நல்ல ஏற்பாடு. அதே ஏற்பாடு, பதிப்பு வெளியிடும் சாவி யாரிடம் போனாலும் அவரை லட்சக்கணக்கான தளங்களுக்குள் கேள்வியின்றி அனுமதித்துவிடும்.

2017இல் அதுதான் நடந்தது. டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ் என்ற செருகுநிரல் இரண்டு லட்சம் தளங்களில் இருந்தது. அதை எழுதியவர்கள் அதைத் தொடர விரும்பாமல் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வெளியிட்ட பதிப்புகளில் ஒரு பின்கதவு இருந்தது. அதன் வழியே தளங்களில் விளம்பரக் குப்பைப் பக்கங்கள் சேர்க்கப்பட்டன. உள்நுழைந்திருக்கும் பயனருக்கு அந்தப் பக்கங்கள் காட்டப்படாததால் தளத்தை நடத்துகிறவரின் கண்ணில் அவை படவே இல்லை. புகார்களின் பேரில் அந்தச் செருகுநிரல் களஞ்சியத்திலிருந்து நீக்கப்பட்டது, சரிசெய்துவிட்டதாகச் சொன்னதும் திரும்ப வந்தது, மறுபடி நீக்கப்பட்டது; இப்படிப் பலமுறை நடந்து செப்டம்பரில்தான் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டது. நிரல் திறந்திருந்தால் பலர் பார்ப்பார்கள், தவறு பிடிபட்டுவிடும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் வாதத்தில் உண்மை உண்டு. இந்தப் பின்கதவும் அப்படிப் பார்த்தவர்களால்தான் பிடிபட்டது. ஆனால் பார்த்தவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் முறையும், முடிவைத் தளங்களுக்குத் தெரிவிக்கும் வழியும் இல்லாதபோது அந்தக் கண்காணிப்பால் முழுப் பயன் கிடைப்பதில்லை. களஞ்சியத்திலிருந்து ஒன்றை நீக்கினாலும், ஏற்கெனவே நிறுவிய தளங்களில் அது அப்படியே இயங்கிக்கொண்டிருக்கும்.

இதைக் கேட்டதும் களஞ்சியத்தை நடத்துகிறவர்களுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிடலாம் என்று தோன்றலாம். 2024 அந்த வழியின் ஆபத்தைக் காட்டியது. களஞ்சியத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த முல்லன்வெக்குக்கும், வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடவசதி தரும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் மூண்ட தகராறில், செப்டம்பர் இறுதியில் அந்த நிறுவனத்துக்குக் களஞ்சியத்தின் கதவு மூடப்பட்டது. அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற அதன் செருகுநிரல் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்தது. அக்டோபர் 12 அன்று களஞ்சியத்தில் அதே முகவரியில் வேறு பெயரிட்ட கிளைப்பதிப்பு வைக்கப்பட்டது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கியிருந்த தளங்கள், யாரும் கேட்காமலே ஒருவரின் மென்பொருளிலிருந்து இன்னொருவரின் மென்பொருளுக்கு மாறின. பொதுப் பாதுகாப்புக்காக ஆசிரியரின் ஒப்புதல் இன்றியே செருகுநிரலை மாற்றலாம் என்ற களஞ்சியத்தின் 18ஆம் விதி காரணமாகச் சொல்லப்பட்டது. டிசம்பரில் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அந்த இடம் பழையவர்களிடம் திரும்பியது. சச்சரவில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பொருட்டல்ல. வழக்காடிக்கொண்டிருக்கும் ஒரு தரப்பே நடுவராகவும் இருக்க விதிகள் இடம் கொடுத்தன, கோளாறு அங்கேதான்.

பிடிக்காவிட்டால் கிளைபிரித்துக்கொள்ளலாமே என்பார்கள். பி2 அப்படித்தான் வேர்ட்பிரஸ் ஆனது என்பது உண்மை. 2003இல் ஒரு மென்பொருளைக் கிளைபிரிப்பது என்றால் நிரலை எடுத்துக்கொண்டு புதிய இடத்தில் தொடர்வது, அவ்வளவுதான். இன்று நிறுவப்பட்ட தளங்களும், பயனர் மதிப்புரைகளும், மொழிபெயர்ப்புகளும் முகவரியோடு கட்டப்பட்டிருக்கின்றன. வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி மொழிப்பிரிவுகள் உண்டு. தன்னார்வலர்கள் வரிவரியாகச் செய்யும் மொழிபெயர்ப்பு களஞ்சியத்தின் வழியாகவே தளங்களுக்குப் போகிறது. களஞ்சியத்தை விட்டு வெளியேறும் செருகுநிரலுக்கு அந்தப் பாதை கிடைக்காது.

கனமான எதிர்வாதம் ஒன்று மிஞ்சுகிறது. சம்பளமின்றி, ஓய்வு நேரத்தில் எழுதுகிறவர்கள் மேல் விதிகளை ஏற்றினால் யார் வருவார்கள்? இதற்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டம் நல்ல பதில். தன்னார்வலர்களால் நடக்கும் அந்தத் திட்டம் 1998 முதல் எழுதப்பட்ட அரசியலமைப்புடன் இயங்குகிறது. தொடர முடியாத பராமரிப்பாளர் தன் பொதியை அநாதை என்று அறிவிப்பார், வேறொருவர் தத்தெடுப்பார். ஒரு நிரலாளரின் முடிவை மேலிருந்து மாற்ற வேண்டுமானால், அதற்கான தொழில்நுட்பக் குழுவில் மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். இத்தனை விதிகள் இருந்தும் தன்னார்வலர்கள் அங்கே ஓடிப்போகவில்லை. தங்கள் உழைப்பு என்னவாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அச்சமின்றி வேலை செய்ய முடிகிறது.

ஆகவே புதிய களஞ்சியம் தொடங்குகிறவர்கள் கட்டற்ற உரிமத்தோடு சேர்த்துச் சில நடைமுறைகளையும் வகுத்துக்கொள்ள வேண்டும். பதிப்பேற்றும் கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாக வேண்டும். வேர்ட்பிரஸ் 2024 அக்டோபரில்தான் அதற்கு வந்து சேர்ந்தது. ஒரே சேவையகத்தை நம்பியிருக்காத பகிர்வு முறை ஒன்றை, லினக்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 2025 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஃபேர் திட்டம் முயல்கிறது. அதன் வடிவமைப்பைத் தொடக்கத்திலேயே படித்துப் பார்ப்பது நல்லது. செருகுநிரல் விற்கப்பட்டாலோ, தத்தெடுக்கப்பட்டாலோ, களஞ்சியத்தார் அதைக் கையில் எடுத்தாலோ, அந்தச் செய்தி தளப் பொறுப்பாளரின் கட்டுப்பாட்டுப் பலகையில் தெரிய வேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே புதியவரின் முதல் பதிப்பு அவருடைய தளத்தில் இறங்க வேண்டும்.