களஞ்சியத்துக்கு வந்த காவலன்

சாகண் போன்ற சந்தை ஊர்களில், தானியக் கடைகளின் மூட்டைகளுக்கு நடுவே பூனை ஒன்று படுத்திருப்பதைக் காணலாம். கடைக்காரர் அதனை விரட்டுவதில்லை. தானியம் உள்ள இடத்துக்கு எலி வரும் என்பதும், பூனை இருந்தால் எலி அஞ்சும் என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டுப்பூனையின் வரலாறு இந்த எளிய உண்மையிலிருந்தே தொடங்குகிறது.

உழவும் எலியும்

ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னர், மேற்கு ஆசியாவில் மக்கள் கோதுமையையும் பார்லியையும் பயிரிட்டு ஓரிடத்தில் தங்கி வாழத் தொடங்கினர். அறுவடை செய்த தானியத்தை அடுத்த பருவம் வரை சேமித்து வைத்தனர். அந்தத் தானியத்தைத் தேடிச் சுண்டெலிகள் ஊருக்குள் புகுந்தன. சுண்டெலிகளைத் தேடிக் காட்டுப்பூனைகள் வந்தன. அவற்றை யாரும் பிடித்து வந்து கட்டிப்போடவில்லை. பூனைக்கு இரை கிடைத்தது. மனிதருக்குத் தானியம் மிஞ்சியது. இருவரும் பயன் பெற்றதால் நட்பு வளர்ந்தது.

உலகின் வீட்டுப்பூனைகள் பலவற்றின் மரபணுக்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள், 2007ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையே இவற்றின் மூதாதை என்பது அதனால் தெளிவாயிற்று. அதன் நெருங்கிய உறவான பாலைவனப் பூனை, இன்றும் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் வறண்ட நிலங்களில் வாழ்கிறது.

கடல் கடந்த பூனை

மத்தியதரைக் கடலில் சைப்பிரசு என்னும் தீவு உள்ளது. அங்கு 9,500 ஆண்டுகள் பழமையான கல்லறை ஒன்றைத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தனர். அதில் ஒரு மனிதரின் எலும்புக்கூடு இருந்தது. அதற்கு அரை மீட்டருக்கும் குறைவான தொலைவில் ஓர் இளம் பூனையின் முழு எலும்புக்கூடும் கிடைத்தது. இச்செய்தி 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அத்தீவில் இயற்கையாகப் பூனைகள் வாழ்ந்ததில்லை. ஆகவே, அங்குக் குடியேறிய மக்களே தம் விதைகளோடும் ஆடுகளோடும் பூனையையும் படகில் ஏற்றிச் சென்றிருக்க வேண்டும். புதிய ஊருக்குச் செல்வோர், தமக்கு வேண்டியவற்றை உடன் கொண்டு செல்வது இயல்புதானே!

பிற்காலத்தில் எகிப்தியர் பூனையைப் போற்றினர். பாசுடெட் என்னும் பெண் தெய்வத்தைப் பூனை வடிவில் வணங்கினர். கப்பல்களில் உணவையும் கயிற்றையும் எலிகள் கடித்து அழித்ததால், மாலுமிகள் பூனைகளை வளர்த்தனர். அக்கப்பல்கள் வழியே பூனை பல நாடுகளுக்குப் பரவியது.

இந்திய மண்ணில்

சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த சான்குதாரோ என்னும் ஊர், இன்று பாகிஸ்தானில் உள்ளது. அங்கு 1935–36இல் நடந்த அகழாய்வில் ஒரு செங்கல் கிடைத்தது. அது ஈரமாக இருந்தபோது அதன்மேல் பூனையும் நாயும் ஓடியதால் இரண்டின் காலடிகளும் பதிந்துள்ளன. பூனையை நாய் துரத்தியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர்.

தமிழரும் பூனையை நெடுங்காலமாக அறிவர். தொல்காப்பியம் காட்டுப்பூனையை ‘வெருகு’ என்று குறிக்கிறது. அதன் இளமைப் பெயர் ‘குட்டி’ என்றும் கூறுகிறது. மாமல்லபுரத்தில், 7ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பட்ட ‘அருச்சுனன் தபசு’ என்னும் பெரும் பாறைச் சிற்பத்திலும் ஒரு பூனை உண்டு. அது முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்வதுபோல் நிற்கிறது. அதன் காலடியில் எலிகள் அச்சமின்றி இருக்கின்றன! காண்போர் அதனைக் கண்டு இன்றும் சிரிக்கின்றனர்.

மராத்தியில் பூனையை ‘மாஞ்சர்’ என்பர். அது ‘மார்ஜார’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது. தன்னைத் தானே தூய்மை செய்துகொள்வது என்பது அச்சொல்லின் பொருள்.

மாறாத இயல்பு

வேட்டை, காவல், மந்தை மேய்த்தல் எனப் பல பணிகளுக்காக மனிதர் நாய்களைத் தேர்ந்து வளர்த்தனர். பூனையோ தான் அறிந்த ஒரே தொழிலுடன் வந்தது; அதன் உடலும் பெரிதாக மாறவில்லை. ஆனால், குரலில் ஒரு புதுமை உண்டு. வளர்ந்த பூனைகள் தமக்குள் ‘மியாவ்’ என்று பேசிக்கொள்வது அரிது. அவை பெரும்பாலும் மனிதரிடமே அவ்வாறு குரல் கொடுக்கின்றன.

பூனை குறுக்கே சென்றால் செயல் கெடும் என்று சிலர் இன்றும் நம்புகின்றனர். கல்லெறிந்து துரத்துவோரும் உண்டு. அது இரை தேடிச் செல்கிறது என்பதே உண்மை. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதரின் உணவைக் காத்த உயிர் அது. அதற்கு வழிவிட்டு நிற்பதே நன்றி.

சொற்பொருள்
களஞ்சியம் – தானியம் சேமிக்கும் இடம்
மூதாதை – முன்னோர்
அகழாய்வு – மண்ணைத் தோண்டிப் பழம்பொருள்களை ஆராய்தல்
மாலுமி – கப்பல் செலுத்துபவர்

விடை எழுதுக
1. காட்டுப்பூனைகள் ஊருக்குள் வந்ததன் காரணம் யாது?
2. சைப்பிரசுத் தீவுக்குப் பூனையை மனிதரே கொண்டு சென்றனர் என்பதை எவ்வாறு அறிகிறோம்?
3. பூனையைக் குறிக்கும் சொற்களைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுக.
4. பூனை குறுக்கே சென்றதால் வெளியே செல்லத் தயங்கும் ஒருவரிடம் நீ என்ன கூறுவாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.