விரிசலின் நுனியில் ஒரு துளை

சாய்ந்தமருதிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தில், தம் வாப்பா அருமையாக வைத்திருந்த பழைய ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளின் கால்மறைப்பு, அதாவது ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு முன்னே கவசம்போல் நிற்கும் பிளாஸ்டிக் தகடு, விரிசல் கண்டுவிட்டதென்றும், எந்தப் பசையைப் பூசினாலும் ஒரு வாரம்கூட நிற்பதில்லையென்றும் வருந்தி, இதற்கு உபாயம் உண்டா என்று கேட்டிருக்கிறார்.

1958ஆம் ஆண்டு அந்த வண்டியை வெளியிட்ட ஹொண்டா நிறுவனத்தார், பாரம் குறையவேண்டுமென்று கால்மறைப்பைப் பொலித்தீன் இனத்துப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். உப்புக்காற்றில் இரும்பு கரைந்துபோகும் நம் கரையோரத்துக்கு அது பெரும் பாக்கியமே. எனினும் மெழுகின் சுபாவம் கொண்ட அப்பொருளில் பசை பற்றாது. தொதலைக் கொட்டுமுன் உம்மா தட்டில் எண்ணெய் தடவுவதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை.

ஆகவே முதலில் இனத்தை அறியவேண்டும். வர்ணம் பூசப்படாத ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் இட்டால், பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் மிதக்கும். பிற்கால வண்டிகள் பலவற்றில் காணப்படும் ஏ.பி.எஸ். தாழும். தாழ்வது ஏ.பி.எஸ். ஆக இருந்தால், அதன் துணுக்குகளையே அசற்றோனில் கரைத்த குழம்பினால் ஒட்டலாம். மிதப்பதை உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

ஆனால் இணைப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரு காரியமே என்னைப் பல்லாண்டுகளாக வியப்பில் ஆழ்த்தி வருவது: விரிசல் முடியும் இடத்தில், கண்ணுக்குத் தெரியும் நுனிக்குச் சற்று அப்பால், வட்டமாக ஒரு துளையிட வேண்டும். உடைந்ததை மேலும் துளைப்பது விபரீதமாகத் தோன்றலாம். 1913இல் சார்ள்ஸ் இங்கில்ஸ் என்ற ஆங்கிலப் பொறியியலாளர், தகடுகளில் கூரிய மூலைகளும் வெடிப்புகளும் விளைவிக்கும் அனர்த்தத்தைக் கணித சாஸ்திரத்தால் விளக்கினார். விளிம்பிலிருந்து 4 சென்ரிமீற்றர் ஓடிய வெடிப்பின் நுனி மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு ஆரமுடையதாயின், அவருடைய சூத்திரப்படி அங்கே தகைப்பு, அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை, நூறு மடங்குக்கு மேற்பட்டுப் பெருகும். அதே நுனியில் 4 மில்லிமீற்றர் அகலத் துளையிட்டுவிட்டால் அது ஏறக்குறைய பத்து மடங்காகத் தணியும். விரிசலை முன்னே செலுத்துவது அதன் நீளம் மட்டுமன்று, அதன் கூர்மையுமே.

பின்னர் பிளவின் வழியே சிறு பள்ளம் கீறி, சோல்டரிங் அயனின் சூட்டில் அதே இனப் பிளாஸ்டிக் கீற்றை உருக்கி நிரப்பி, உட்புறத்தில் மெல்லிய கம்பிவலையைப் பதிக்க வேண்டும். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் ஒன்றோடொன்று கலந்து பிடிப்பதில்லை. மருதமுனைத் தறியில் அமர்ந்திருந்த என் மூத்த வாப்பா, அறுந்த இழைக்கு அதே இலக்க நூலையன்றி வேறொன்றை முடிந்ததில்லை. காற்றோட்டமான இடத்திலேயே இவற்றைச் செய்க. அசற்றோனின் அருகே நெருப்பு கூடாது.

இவ்வளவு பிரயத்தனம் எதற்கு, புதியதொன்றை வாங்கலாமே என்பாருண்டு. எறிந்த பழையது எங்கே போகிறதென்று அவர்கள் சிந்திக்க வேண்டும். நம் அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று, எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டதாக 2022இல் செய்தி வந்தது. வெடித்த தகடு செத்த தகடன்று. அன்பரே, அந்தக் கால்மறைப்பைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்; நாளைக் காலையில் விரிசலின் நுனியைத் தேடி ஒரு துளையிடுங்கள்.