ஊர்ப் பெயரும் உருபும்: விக்கிப்பீடியாவில் லுவா மாட்யூல்கள்

தமிழ் விக்கிப்பீடியாவின் ஊர்க் கட்டுரைகளில் வலப்புறம் தோன்றும் தகவற்பெட்டி ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக வடிவமைக்கப்படுவதில்லை. வார்ப்புரு எனப்படும் பொது அச்சே அதனை அமைக்கிறது. இத்தகைய வார்ப்புருக்கள் பலவற்றின் பின்னணியில் இயங்குவது லுவா என்னும் நிரல்மொழி. 1993இல் ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உருவான லுவா, வேறொரு மென்பொருளுக்குள் பொதிந்திருந்து அதன் ஏவலுக்கு இயங்கும் உட்பொதி மொழியாக வடிவமைக்கப்பட்டது. 2013இல் ஸ்கிரிபுன்டோ என்னும் நீட்சியின் வழியே விக்கிப்பீடியாக்களுக்குள் வந்தது.

ஒரே தகவலைப் பல பக்கங்களில் எழுதிவைப்பதன் இடரை உணர்த்தத் திருத்தணி வட்டாரம் போதும். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்து, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. அருகிலுள்ள அரக்கோணம் 2019இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை மாவட்டத்துக்குச் சென்றது. எல்லைக்கு அப்பால் 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. மாவட்டப் பெயர் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியே இருந்தால், ஒரு பிரிவினைக்குப் பின் அத்தனையையும் தேடித் திருத்த வேண்டும். சில எப்படியும் விடுபட்டுப்போகும். அதனை ஒரே இடத்தில் வைத்து எல்லாப் பக்கங்களும் அங்கிருந்தே அழைத்தால் ஒரு திருத்தமே போதும்.

ஒரு நிரலை மாட்யூலாக, அதாவது பிற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் கூறாக, மாற்றுவது அதனை வேறொரு கோப்பில் நகலெடுப்பதன்று. லுவாவில் உள்ளமை என்று அறிவிக்கப்படாத மாறி முழுதளாவியதாகிவிடுவதால், ஒரு நிரல் வைத்த மதிப்பை அதே பெயருள்ள மற்றொன்று அழித்துவிடக்கூடும். ஆகவே மாட்யூல் எழுதுபவர் உள்ளமை அட்டவணை ஒன்றைத் தொடங்கி, வெளியே வழங்கத்தக்க செயற்கூறுகளை மட்டும் அதில் இட்டு, துணைச் செயற்கூறுகளை உள்ளேயே நிறுத்தி, இறுதியில் அந்த அட்டவணையைத் திருப்பியளிக்கிறார். அதனை ‘ரிக்வயர்’ என்னும் கட்டளையால் முதன்முறை அழைக்கும்போது மாட்யூல் இயங்கி, விளைவு சேமிக்கப்பட்டு, அடுத்தடுத்த அழைப்புகளுக்கு அதுவே தரப்படுகிறது. எதை வெளியே கொடுப்பது என்ற தீர்மானமே இதில் கடினமான பகுதி. கொடுத்துவிட்ட பெயரை நம்பிப் பல பக்கங்கள் அமைந்தபின் அதனை மாற்றுவது எளிதன்று.

தமிழில் இத்தீர்மானம் இன்னும் நுட்பமாகிறது. ஊர்ப் பெயருடன் ‘இல்’ உருபைச் சேர்க்கும் மாட்யூல் ஒன்று எழுதப்படுவதாகக் கொள்வோம். திருத்தணி ‘திருத்தணியில்’ என்றும், அரக்கோணம் ‘அரக்கோணத்தில்’ என்றும், பள்ளிப்பட்டு ‘பள்ளிப்பட்டில்’ என்றும், திருவாலங்காடு ‘திருவாலங்காட்டில்’ என்றும் ஆகின்றன. பெயரின் முன் ஒரு சொல்லை ஒட்டினால் போதும் என்று கருதும் ஆங்கில மாட்யூலை அப்படியே கொண்டுவந்தால் இவற்றில் ஒன்றும் சரியாக வராது. இறுதி எழுத்தை அறிவதே முதற்பணி, அதுவும் எளிதன்று. திருத்தணி என்பதில் எழுத்துகள் 5. யுனிகோடு குறியீடுகள் 9. கணினி சேமிக்கும் பைட்டுகள் 27. லுவாவின் இயல்பான சர நூலகம் பைட்டுகளையே எண்ணுகிறது. ஸ்கிரிபுன்டோ தரும் யுனிகோடு நூலகம் 9 என்கிறது. இகரக் குறியை அதுவும் தனியாகவே எண்ணுகிறது. ஆகையால் ஒரு சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் செயற்கூறு தனி மாட்யூலாக இருத்தல் வேண்டும். அகரவரிசைப்படுத்தலும் சந்தி சேர்த்தலும் அதனையே அழைக்கலாம்.

விதிக்கு அடங்காத பெயர்களும் உண்டு: மகர ஈறு கொண்டும் பர்மிங்காம் ‘பர்மிங்காமில்’ என்றே வரும். இவற்றை நிரலுக்குள் புதைக்காமல், ஸ்கிரிபுன்டோவில் ஒரு பக்கத்துக்கு ஒருமுறை மட்டும் படிக்கப்படும் தரவு மாட்யூலில் பட்டியலாக இடுவது சிறந்தது. அவ்வாறு செய்தால், நிரலெழுதப் பயிலாத திருத்தணிக்காரர் ஒருவரும் எல்லைக்கு அப்பாலுள்ள ஊரின் பெயரை அதில் சேர்க்க இயலும்.